பாலக்காடும் இடுக்கியும்: எல்லைத் தமிழ்க் கலைகள் யார் பொறுப்பில்?

2024 நவம்பர் 13 அன்று பாலக்காடு சட்டமன்றத் தொகுதியில் நடக்கவேண்டிய இடைத்தேர்தலைத் தேர்தல் ஆணையம் ஒரு வாரம் தள்ளி 20ஆம் தேதிக்கு மாற்றியது. அந்த நாளில்தான் கல்பாத்தித் தேர்த்திருவிழா தொடங்குகிறது, வாக்குச்சாவடிக்கு யாரும் வரமாட்டார்கள் என்று எல்லாக் கட்சிகளும் சொன்னதே காரணம். தஞ்சைப் பகுதியிலிருந்து சில நூற்றாண்டுகளுக்கு முன் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் அக்ரகாரத்துத் தேருக்காகக் கேரளத்தில் ஒரு தேர்தலே வழிவிட்டது. கலை, பண்பாட்டுச் செய்தி என்று அன்றாடம் வந்துபோகும் துணுக்குகளில் இதையும் ஒன்றாக வாசித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடலாம். ஆனால் இதே மாநிலத்தில், இதே தமிழ் பேசும் மக்களின் வேறு சில கலைகளுக்கு ஒரு பதிவேடு கூடக் கிடையாது. எல்லையோரத் தமிழ்க் கலைகளில் எது செழிக்கிறது, எது கேட்பாரற்றுக் கிடக்கிறது, அதை யார் தீர்மானிக்கிறார்கள்? கடந்த சில ஆண்டுச் செய்திகளை அருகருகே வைத்துப் பார்த்தால் இதற்கு ஓரளவு விடை கிடைக்கிறது.

கல்பாத்தியை முதலில் முடித்துவிடலாம். அது நன்றாக இருக்கிறது. 1425இல் லட்சுமி அம்மாள் என்னும் பெண்மணி காசியிலிருந்து லிங்கம் கொண்டுவந்து எழுப்பினார் என்று ஊர் சொல்லும் விசுவநாதர் கோயில், ஐப்பசிக் கடைசியில் தேர்முட்டியில் கூடும் தேர்கள், அதையொட்டி நடக்கும் இசைவிழா எல்லாம் ஆண்டு தவறாமல் தொடர்கின்றன. செம்பை வைத்தியநாத பாகவதர், பாலக்காடு மணி ஐயர், கே.வி. நாராயணசாமி, எம்.டி. ராமநாதன் என்று ஒரே மாவட்டத்திலிருந்து இத்தனை பேர் சென்னை மேடையை ஆண்டதற்குப் பின்னால் இந்த அக்ரகாரங்களின் பஜனை மடங்களும் கோயில் கச்சேரிகளும் இருந்தன. 1974இல் செம்பை மறைந்தபின் அவர் பெயரால் குருவாயூரில் நடந்துவரும் இசைவிழாவில் இன்று பாடாத பெரிய வித்வான் யாருமில்லை. பாலக்காட்டில் அவர் பெயரில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. கோயில், சபை, கல்லூரி, அரசு ஆகிய நான்கும் கைகொடுக்கும்போது ஒரு கலை எப்படி நிலைக்கும் என்பதற்கு இது சான்று.

அங்கிருந்து மேற்கே சொரனூர் பக்கம் போனால் இதைவிட வியப்பான ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டு வாசகர்களில் பெரும்பாலோர் இன்னும் பார்க்காதது அது. கூனத்தறையைச் சேர்ந்த புலவர் குடும்பத்தார் பகவதி கோயில்களின் கூத்துமாடத்தில் இரவெல்லாம் நடத்தும் தோல்பாவைக்கூத்தின் மூலம் கம்பராமாயணம். ‘ஆடல்பற்று’ என்னும் அவர்களுடைய பாடத்தில் கம்பனின் விருத்தங்களும் அவற்றுக்குத் தமிழும் மலையாளமும் கலந்த உரையும் இருக்கின்றன. ஏட்டில் அவை மலையாள எழுத்தில் இருந்தன. புலவர்களுக்கோ எல்லாம் மனப்பாடம். நீண்ட கூத்துமாடத்தில் ஆயப்புடவை என்னும் திரையைக் கட்டி, உடைத்த தேங்காய் மூடிகளில் 21 விளக்குகளை வரிசையாக ஏற்றி, மான் தோலில் வெட்டிய பாவைகளின் நிழலை விழச் செய்கிறார்கள். ஊருக்கேற்ப 7 இரவு, 14 இரவு, 21 இரவு என்று கூத்து நீளும். சில இடங்களில் அதற்கு மேலும் போகும்.

இது யாருக்காக நடக்கிறது என்பதற்கு ஊரில் ஒரு கதை உண்டு. ராமனும் ராவணனும் போரிட்ட நேரத்தில் பத்ரகாளி தாரிகனோடு போரிட்டுக்கொண்டிருந்தாளாம். ராவண வதத்தைக் காணமுடியாத குறை அவளுக்கு. அதைத் தீர்க்கத்தான் ஆண்டுதோறும் அவள் சன்னிதிக்கு எதிரே கூத்து. கேட்பவள் தேவி. நள்ளிரவுக்குப் பின் மனிதர்கள் ஒருவர் கூட இல்லாமல் போனாலும் கூத்து நிற்பதில்லை. ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்தக் கூத்துமாடங்களுக்குள்ளேயே இரவுகளைக் கழித்து 1996இல் ஒரு முழு நூல் எழுதினார். வெளியே பார்வையாளர் இல்லாதபோதும் உள்ளே புலவர்கள் ஒருவரோடொருவர் சொற்போரிட்டு, ஒரு பாட்டுக்கு மணிக்கணக்கில் பொருள் விரித்துக்கொண்டிருப்பதை அவர் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். கம்பனுக்கு விழா எடுக்கும் கழகங்கள் நம்மிடம் ஏராளம். பட்டிமன்றமும் வழக்காடு மன்றமும் ஆண்டுதோறும் நடக்கின்றன. கம்பன் பாட்டை ஊர் ஊராக, விடிய விடியச் சொல்லி விரித்துவரும் ஒரு மரபு வாளையாறு தாண்டி இரண்டு மணி நேரத் தொலைவில் உயிரோடு இருப்பதை அந்த விழாக்களில் எத்தனை மேடை நினைவுகூர்ந்தது? இது என் உண்மையான வருத்தம்.

செய்தியாக வந்தவை வேறு. கே.கே. ராமச்சந்திரப் புலவருக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவருடைய தந்தை கிருஷ்ணன்குட்டிப் புலவர்தான் கோயிலுக்குள் மட்டும் இருந்த கூத்தை வெளி மேடைக்குக் கொண்டுவந்தவர். கூத்துமாடத்தில் பெண்கள் பாவை பிடிப்பது வழக்கமில்லை. ராமச்சந்திரப் புலவரின் மகள் ரஜிதா பெண்கள் மட்டுமே உள்ள குழுவை அமைத்து, பெண்களின் கதையையே பாவையில் ஆட்டினார். இயந்திரக் கைகளைக் கொண்டு பாவைகளை ஆட்டும் முயற்சி ஒன்றும் பாலக்காட்டில் நடந்தது. அருங்காட்சியகத்துக்கு வருவோர் கூத்தின் ஒரு துளியைக் காணலாம் என்பது அதன் நோக்கம். மூன்றில் இந்தப் பெண்கள் குழுவைத்தான் நான் பெரிதாகக் கருதுகிறேன். இயந்திரம் பாவையை அசைக்கும். பாட்டுக்குப் பொருள் சொல்ல அடுத்த தலைமுறையில் ஒரு வாய் வேண்டும். குடும்பத்தின் பாதி உறுப்பினர்களை வெளியே நிறுத்திக்கொண்டு அந்த வாயைத் தேடமுடியாது.

கிழக்கே சித்தூர் வட்டத்துக்கு வந்தால் கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று பொள்ளாச்சியைத் தொட்டுக்கொண்டு தமிழ் ஊர்கள். இந்தப் பகுதியில் மொழி கலந்த விதத்தைக் கலைகளில்தான் தெளிவாகக் காணமுடியும். சித்தூர், ஆலத்தூர் பக்கத்து நாயர் தேசங்களில் பகவதிக்கு ஆடப்படும் கண்ணியார்களியில் வட்டக்களிப் பாட்டுகள் பல தமிழ் கலந்தவை. பாணர் சமூகத்தினர் நடத்தும் பொறாட்டு நாடகத்தில் குறவன்–குறத்தி, மண்ணான்–மண்ணாத்தி என்று சோடி சோடியாகப் பாத்திரங்கள் வந்து, கேள்வி கேட்பவனோடு வாதாடிப் பாடுவார்கள். அந்தப் பாட்டும் பேச்சும் ஒரு வரியில் தமிழாகவும் அடுத்த வரியில் மலையாளமாகவும் போகும். நம் குறவஞ்சியையும் தெருக்கூத்துக் கட்டியங்காரனையும் அறிந்தவர்கள் இதை முதல்முறை பார்க்கும்போதே உறவு கொண்டாடுவார்கள். சித்தூரில் மாசியில் வரும் கொங்கன்படை விழா இன்னொரு வகை. கொங்கு நாட்டு அரசன் படையெடுத்து வந்ததாகவும் பகவதியே களமிறங்கி ஊரைக் காத்ததாகவும் அங்கே நடித்துக்காட்டுகிறார்கள். கொங்கு நாட்டிலிருந்து வந்தவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பக்கத்து ஊர்களில் உழுது பிழைக்கிறார்கள். பழைய பகையை விழாவாக்கிக்கொண்டு கூடி வாழத் தெரிந்த ஊர் இது.

இந்த மண்ணிலிருந்து தமிழுக்கு வந்தவற்றையும் சொல்லவேண்டும். எம்.எஸ். விசுவநாதன் 1928இல் பாலக்காட்டு எலப்புள்ளியில் பிறந்தார். பி. லீலா சித்தூர்க்காரர். தமிழ்நாட்டு அரசு விழாக்கள் எல்லாவற்றிலும் ஒலிக்கும் தமிழ்த்தாய் வாழ்த்தை எழுதிய மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை ஆலப்புழையில் பிறந்தவர். அதற்கு இசையமைத்த விசுவநாதன் எலப்புள்ளிக்காரர். எல்லைக்கு அப்பால் இருப்பது அயல் என்று எண்ணுகிறவர்கள் இதைச் சற்று நினைத்துப் பார்க்கலாம்.

அட்டப்பாடியிலிருந்து வந்த செய்தி இந்தியா முழுக்கக் கேட்டது. ‘அய்யப்பனும் கோஷியும்’ படத்தில் பாடியதற்காக 2022இல் அறிவிக்கப்பட்ட தேசிய விருதுகளில் சிறந்த பின்னணிப் பாடகி விருது நஞ்சியம்மாவுக்குக் கிடைத்தது. மாடு மேய்த்து வாழ்ந்த இருளர் பெண்மணி அவர். அந்தப் பாட்டின் சொற்களும் அவருடையவை. தமிழுக்கு மிக நெருங்கிய இருளர் மொழியில் அமைந்தவை; கோவைக்காரர் ஒருவர் கூர்ந்து கேட்டால் பெரும்பகுதி புரிந்துவிடும். முறையாகச் சங்கீதம் கற்காதவருக்கு இந்த விருதா என்று சில இசைக்கலைஞர்கள் கேட்டார்கள். பெற்ற தாயிடமும் ஊரிடமும் பாடம் கேட்டது கற்றல் இல்லையென்றால், நாட்டுப்புறக் கலை எதற்குமே பள்ளி கிடையாது என்றாகிவிடும். அந்தக் கேள்வி தவறு. அதே 2022இல் பிரியநந்தனன் இயக்கிய ‘தபாரி குருவி’ முழுக்க இருளர் மொழியில், பழங்குடியினரே நடித்த படமாக இந்தியப் பன்னாட்டுத் திரைப்பட விழாவின் இந்தியப் பனோரமாவில் இடம்பெற்றது. முதல் செய்திக்குக் கிடைத்த வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்கு கூட இதற்குக் கிடைக்கவில்லை.

அடுத்தது 2025 ஜனவரி. திருவனந்தபுரத்தில் நடந்த 63ஆவது கேரளப் பள்ளிக் கலோல்சவத்தில் ஐந்து பழங்குடிக் கலைகள் முதன்முறையாகப் போட்டி இனங்களாயின. மங்கலங்களி, பணியர் நடனம், இருளர் நடனம், பளியர் நடனம், மலைப்புலையர் ஆட்டம். கடைசி மூன்றும் நம் எல்லையைச் சேர்ந்தவை. இருளர் அட்டப்பாடி; பளியர் குமுளிப் பக்கம்; மலைப்புலையர் மறையூர், காந்தளூர், சின்னாறு மலைக்குடிகள். மாரியம்மன், காளியம்மன் நோன்புகளில் உறுமியும் குழலும் முழங்க ஆடும் மலைப்புலையர் ஆட்டத்தை அதற்கு ஓராண்டு முன்புவரை கேரளத்தின் மற்ற மாவட்டங்களில் பெயர் சொல்லக் கூட ஆளில்லை. இப்போது எல்லா மாவட்டத்துப் பிள்ளைகளும் அதைப் பயில்கிறார்கள். ஊரிலிருந்து ஆசான்கள் பள்ளிகளுக்கு அழைக்கப்படுகிறார்கள்.

கலோல்சவத்தில் போட்டி எவ்வளவு கடுமை என்பதற்கு அந்த ஆண்டுக் கணக்கே போதும்: தங்கக் கோப்பை வென்ற திருச்சூருக்கு 1008 புள்ளி, பாலக்காட்டுக்கு 1007. ஒரு புள்ளிக்கு அழுகிற இடத்தில் ஆட்டம் என்ன ஆகும்? இரவு முழுக்க, யார் வேண்டுமானாலும் வந்து சேர்ந்து, களைத்தவர் விலகி, மீண்டும் சேர்ந்து ஆடும் ஒன்று, சில நிமிடத்துக்குள் பன்னிரண்டு பேர் ஒரே உடையில் ஒரே அடி வைக்கும் ஒன்றாக மாறுகிறது. நடுவர்கள் ஒழுங்கைப் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். பழங்குடி அல்லாத பிள்ளைகள் ஆடுவதில் எனக்குக் குறையில்லை, அவர்கள் கற்கட்டும். ஆனால் காந்தளூரின் மலைக்குடிப் பிள்ளை அந்த மேடைக்கு வருவதற்கு வண்டிச் செலவும் உடைச் செலவும் யார் கொடுப்பது என்பதைக் கல்வித்துறை தீர்க்காவிட்டால், ஆட்டம் ஊரைவிட்டுப் போய் நகரப் பள்ளிகளின் பொருளாகிவிடும். இவ்வளவு இருந்தும் இந்த முடிவை நான் வரவேற்கிறேன். கலோல்சவத்தில் தமிழில் செய்யுள் சொல்லும் போட்டி இருப்பதையும் சேர்த்துப் பார்த்தால், கேரளம் தன் சிறுபான்மைக் கலைகளுக்குக் கொடுத்திருக்கும் இடம் குறைவானதில்லை.

இடுக்கியின் மலைக்குடிகளிடம் இன்னொரு பெரிய சொத்து இருக்கிறது. மன்னான் சமூகத்தினரின் கூத்து கோவலன், கண்ணகி கதையைச் சொல்வது. கட்டப்பனை அருகே கோவில்மலையில், அவர்களுடைய அரசர் முன்னிலையில் நடக்கும் காலவூட்டு விழாவில் அது ஆடப்படுகிறது. அரசர் ராமன் ராஜமன்னான் 2025 குடியரசு நாள் விழாவுக்கு டெல்லிக்கு அழைக்கப்பட்டபோது எல்லாப் பத்திரிகைகளும் படம் போட்டன. அவர் மக்கள் கண்ணகியை ஆடுகிறார்கள் என்ற தகவல் அந்தச் செய்திகளில் பெரும்பாலும் இல்லை. முதுவர்களும் மதுரையிலிருந்து வந்தவர்கள் என்றே தங்கள் கதையைச் சொல்கிறார்கள். கண்ணகி மதுரையை எரித்துவிட்டு மலை ஏறினாள் என்பது சிலப்பதிகாரம். மலையில் இருப்பவர்கள் அவளைத் தங்கள் கதைக்குள் வைத்துக்கொண்டார்கள்.

பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் மங்கலதேவி கண்ணகி கோயிலோ சித்ரா பௌர்ணமி அன்று ஒரே ஒரு நாள்தான் திறக்கும். குமுளியிலிருந்து ஜீப்பிலும், தமிழ்நாட்டுப் பக்கம் பளியன்குடியிலிருந்து நடந்தும் மக்கள் ஏறுகிறார்கள். தேனி, இடுக்கி மாவட்ட நிர்வாகங்கள் முன்கூட்டியே கூடிப் பேசி, தண்ணீர், வண்டி, மருத்துவம், போலீஸ் எல்லாவற்றையும் முடிவு செய்கின்றன. இரண்டு பக்கத்துப் பூசைகளும் நடக்கின்றன. கோயில் யாருடையது என்ற வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். ஆண்டுக்கொரு முறை இரண்டு மாநிலங்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரு விழாவை நடத்திமுடிக்கின்றன என்பதை நான் கவனமாகக் குறித்துக்கொள்கிறேன். பின்னால் இது தேவைப்படும்.

இனித் தேயிலை மலை. இந்தக் கட்டுரையின் மையமும் இதுதான்.

தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை வட்டங்கள் 1956 நவம்பர் 1 அன்று கேரளத்தோடு சேர்ந்தன. அதற்கு முன் நேசமணியும் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசும் நடத்திய போராட்டம் தமிழ் வாசகர்களுக்குத் தெரியும். எல்லை முடிவான பிறகு அங்கே வாழ்ந்த தோட்டத் தொழிலாளர்களின் பாட்டும் கூத்தும் என்னவாயின என்பதை நாம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஒரு பெயர் உடனே கிடைத்திருக்கும்: பாவலர் வரதராசன். 1958இல் தேவிகுளம் தொகுதிக்கு இடைத்தேர்தல் வந்தது. ஓராண்டு முன்பு அமைந்திருந்த இ.எம்.எஸ். அரசுக்கு அந்த இடம் மிக முக்கியம். கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூசுக்கு வாக்குக் கேட்கப் பண்ணைப்புரத்திலிருந்து வரதராசனின் பாட்டுக்குழு மலையேறியது. தோட்டம் தோட்டமாக, லைன் வீடுகளுக்கு முன்னால் பாடினார்கள். ரோசம்மா வென்றார். அந்தக் குழுவில் பாடிய தம்பிதான் பின்னாளில் இளையராஜா. மேடையில் மக்கள் முன் பாடும் பழக்கம் அவருக்கு வந்தது இப்படிப்பட்ட பயணங்களில். 2025 மார்ச்சில் அவருடைய சிம்பொனி லண்டனில் அரங்கேறியபோது அவர் வாழ்க்கையைத் திருப்பிச் சொன்ன கட்டுரைகளில் பண்ணைப்புரம் இருந்தது, சென்னை இருந்தது. இடையில் இருந்த தேவிகுளம் பெரும்பாலும் இல்லை.

அந்த மலைப்பாதையைத் தமிழ் சினிமா ஒருமுறை உண்மையாகக் காட்டியது. லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ 2018 ஆகஸ்ட்டில் வந்தது. ஏலக்காய் மூட்டையைத் தலையில் சுமந்து தேனிப் பக்கத்துக்கும் இடுக்கிப் பக்கத்துக்கும் நடக்கும் கூலிகள், துண்டு நிலம் வாங்கத் துடிக்கும் ஒருவன், சங்கம், அதன் வீழ்ச்சி எல்லாம் அதில் இருந்தன. ஊர் மக்களே நடித்தார்கள், இசை இளையராஜா, ஒளிப்பதிவு தேனி ஈஸ்வர். அதே ஈஸ்வர்தான் லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் ‘நண்பகல் நேரத்து மயக்க’த்துக்கும் ஒளிப்பதிவு செய்தார். வேளாங்கண்ணியிலிருந்து திரும்பும் மலையாளி ஒருவர் தமிழ்க் கிராமமொன்றில் இறங்கி, தமிழ் பேசி, வேறொருவராக வாழத் தொடங்கும் அந்தப் படம் 2022ஆம் ஆண்டுக்கான கேரள அரசின் சிறந்த பட விருதைப் பெற்றது. எல்லையைப் பற்றி இருமொழியிலும் எடுக்கப்பட்டவற்றில் இந்த இரண்டையும்தான் நான் முதலில் வைப்பேன். ஒன்று உழைப்பைச் சொல்கிறது, மற்றது மனத்தை.

சினிமா தவிர? 2015 செப்டம்பரில் மூணாறில் பொம்பிளை ஒருமை என்று திரண்ட தோட்டத் தொழிலாளர் பெண்கள் 20 சதவீத போனசுக்காகச் சாலையில் உட்கார்ந்தபோது அவர்கள் எழுப்பிய முழக்கங்களும் பாட்டுகளும் தமிழ். கொழுந்து கிள்ளும் கைகளோடு வளர்ந்த தாளம் அது. தொலைக்காட்சிகள் போராட்டத்தைப் படம் பிடித்தன. பாட்டை யாரும் தொகுக்கவில்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மண் சரிந்து 70 பேர் இறந்தார்கள். அவர்களில் பலருக்குக் கயத்தாறுப் பக்கம் பூர்வீகம். ஒரு தோட்டக் குடியிருப்பு அழியும்போது அதன் கோயில் கொடை, கும்மி, தாலாட்டு, ஒப்பாரி எல்லாம் சேர்ந்தே அழிகின்றன. பீர்மேட்டுத் தோட்டக் குடும்பத்தில் பிறந்த மானுடவியலாளர் ஜெயசீலன் ராஜ் 2022இல் தேயிலைத் தோட்டங்களின் வீழ்ச்சியைப் பற்றி எழுதிய நூல் லண்டனிலிருந்து வந்தது. தோட்டம் நொடிக்கும்போது தொழிலாளர் குடும்பங்கள் எப்படிச் சிதறுகின்றன என்பதை உள்ளிருந்து சொல்லும் நூல் அது. தமிழில் அதைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு.

இப்போது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கலாம். அக்ரகாரத்து இசைக்குக் கோயிலும் சபையும் உண்டு. தோல்பாவைக்குப் பகவதியும், பிறகு பத்ம விருதும் கிடைத்தன. மலைக்குடி ஆட்டங்களுக்குக் கலோல்சவம் கிடைத்தது. தோட்டத் தொழிலாளர் கலைக்கு எதுவுமில்லை. கேரள நாட்டுப்புறக் கலை அகாதமி கண்ணூர்ச் சிறக்கலில் இருக்கிறது; அதற்குத் தோட்டக் கும்மி தமிழ்நாட்டுச் சரக்கு. தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றத்துக்கு அது பக்கத்து மாநிலத்து விவகாரம். இரண்டு அரசும் நிதி ஒதுக்குகின்றன. இரண்டும் எல்லைக்கு முன்னால் நின்றுவிடுகின்றன. கலை சாகிறது என்ற பொதுப் புலம்பலை நான் ஏற்கவில்லை. யாருக்கு ஒரு நிறுவனம் வாய்த்ததோ அவர்கள் கலை வாழ்கிறது, வாய்க்காதவர்களுடையது பதிவில்லாமல் போகிறது. சாதியும் கூலியும் இந்த வாய்ப்பைத் தீர்மானித்தன என்பதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

மொழிக் கல்வியும் இதோடு பிணைந்தது. 2017இல் கேரளம் பத்தாம் வகுப்பு வரை மலையாளத்தைக் கட்டாயமாக்கியது. வாழும் மாநிலத்தின் மொழியைப் பிள்ளைகள் கற்கத்தான் வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மூணாறிலும் பீர்மேட்டிலும் தமிழ்வழி வகுப்புகள் சுருங்கினால், பாட்டி பாடும் ஒப்பாரியைப் பேத்தி எழுதிவைக்க எழுத்தில்லாமல் போகும். பொங்கலுக்கு இடுக்கி, பாலக்காடு உள்ளிட்ட ஆறு மாவட்டங்களில் உள்ளூர் விடுமுறை விடும் அரசு, தமிழ் ஆசிரியர் பணியிடங்களையும் அதே அக்கறையோடு பார்க்கவேண்டும்.

செய்யவேண்டியது என்ன? மங்கலதேவிக்காக ஆண்டுதோறும் கூடும் அந்த இரு மாவட்டக் கூட்டம் போல, கேரளச் சங்கீத நாடக அகாதமியும் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றமும் ஒரு கூட்டுக் குழு அமைக்கலாம். பெரிய கட்டடமோ விழாவோ வேண்டாம். ஒலிப்பதிவுக் கருவிகளும், இரு மொழியும் தெரிந்த சில இளைஞர்களும், இரண்டு ஆண்டுச் சம்பளமும் போதும். சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த்துறை இருக்கிறது. எல்லை ஊர்களிலிருந்து வந்து தமிழ் படிக்கும் மாணவர்கள் பொறாட்டு நாடகப் பாட்டையும் கண்ணியார்களியின் தமிழ்ப் பாட்டுகளையும் அவரவர் ஊரிலேயே பதிவு செய்யமுடியும். கூனத்தறைப் புலவர்களின் கம்ப பாடத்தைத் தமிழ்நாட்டில் அச்சான பதிப்புகளோடு ஒப்பிட்டு, எந்தப் பாட்டு எப்படி மாறியிருக்கிறது என்று வெளியிடும் வேலையைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் எடுத்துக்கொள்ளலாம். தேவிகுளம், பீர்மேடு தோட்டங்களில்தான் அவசரம் அதிகம். 1958இல் லைன் வீட்டு வாசலில் நின்று பாவலர் குழுவின் பாட்டைக் கேட்டுக் கூடப் பாடிய இருபது வயதுப் பெண்களுக்கு இன்று எண்பத்தைந்துக்கு மேல் ஆகிறது. பதிவு அவர்களிடமிருந்து தொடங்கவேண்டும், இந்த ஆண்டே.